லினக்ஸின் வருங்காலமும் அதைப் பரப்பும் வழியும்

உலகத்திலுள்ள அதிவேகக் கணினிகளில் முதல் ஐந்நூறைத் தேர்ந்து ஆண்டுக்கு இருமுறை வெளியிடப்படும் பட்டியலில், 2017 நவம்பர் முதல் ஒன்றுவிடாமல் அத்தனை இயந்திரங்களும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்திலேயே ஓடுகின்றன. நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் அடித்தளமும் அதுவே. இணையத்தைத் தாங்கி நிற்கும் சர்வர்களில் பெரும்பாலானவற்றை இயக்குவதும் அதுவே. 2021-இல் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த இன்ஜெனுயிட்டி என்ற சிறு ஹெலிகாப்டருக்குள் இருந்ததும் அதுவே. இவ்வளவு பரந்த ஆட்சியையுடைய ஓர் இயங்குதளம், பள்ளி மாணவனின் மேஜையிலும், தாலுகா அலுவலக எழுத்தரின் மேஜையிலும், வீட்டுக் கணினியிலும் மட்டும் நூற்றுக்கு நான்கைந்து என்ற அளவிலேயே நிற்பதற்குக் காரணம் என்ன, அந்த நிலை மாறவேண்டுமானால் அது எத்திசையில் வளரவேண்டும், எவ்விதம் பரப்பப்படவேண்டும் என்பனவே இக்கட்டுரையின் விசாரணைக்குரிய விஷயங்கள்.

வளர்ச்சித் திசையைப் பற்றிய விவாதம் ஒரு சாராரிடமும், பரப்புவதைப் பற்றிய யோசனை வேறொரு சாராரிடமும் பிரிந்து கிடப்பதே இவ்விஷயத்தில் நேர்ந்துள்ள முதற் குறை என்பது என் அபிப்பிராயம். நிரலர்கள் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் நுட்பங்களைப் பற்றியும், திரையில் சாளரங்களை வரையும் முறையைப் பற்றியும், மென்பொருளை எந்த வடிவில் கட்டி அனுப்புவது என்பதைப் பற்றியும் அல்லும் பகலும் வாதிடுகிறார்கள். ஆர்வலர்களோ கல்லூரி வளாகங்களில் நிறுவல் விழாக்கள் நடத்தி, இது இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, பழைய கணினியிலும் ஓடும் என்று எடுத்துரைக்கிறார்கள். இரண்டும் போற்றத்தக்க முயற்சிகளே. ஆயினும், நிறுவிய ஆறாம் மாதத்தில் அச்சுப்பொறி வேலை செய்யாமல் நின்றுவிட்டால் அதைச் சரிசெய்ய வருபவர் யார் என்ற வினாவுக்கு விடை சொல்லும் ஏற்பாடு எங்கே இருந்ததோ அங்கே லினக்ஸ் வேரூன்றியது. எங்கே இல்லையோ அங்கே அரசாங்க உத்தரவும், இலவச விநியோகமும், உயர்ந்த கொள்கையும் ஒன்றுசேர்ந்தும் அதை நிலைநிறுத்த முடியவில்லை. முப்பதாண்டு அனுபவத்தை ஊன்றிப் பார்ப்பவர்க்கு இது பிரத்தியட்சமாகத் தெரியும்.

சரித்திரத்தைச் சுருக்கமாகவேனும் நினைவுகூர்வது அவசியம். 1983 செப்டம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், யூனிக்ஸ் என்னும் பழைய இயங்குதளத்தைப் போல் இயங்குவதும், யாவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் உரியதுமான 'குனு' என்னும் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஓர் அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளின் மூலநிரல் தமக்கு மறுக்கப்பட்ட அனுபவமே அந்த உறுதியைத் தம் மனத்தில் வளர்த்தது என்று அவர் பலமுறை கூறியிருக்கிறார். அடுத்த சில ஆண்டுகளில் நிரல்களை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி முதலான உறுப்புகள் பெரும்பாலும் சித்தமாகிவிட்டன. கெர்னல் ஒன்றே குறைந்திருந்தது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் எழுதிவந்த ஒரு கெர்னலைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். மறு ஆண்டே அதைக் குனுவின் பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். நிரலை எடுத்துத் திருத்திப் பிறருக்கு வழங்குபவர், தம் திருத்தத்தின் மூலநிரலையும் அதே உரிமையோடு வழங்கவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் சாரம். சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்த முயலும் நிறுவனங்கள் கெர்னல் என்ற ஒரு பணியில் மட்டும் கூடி உழைப்பதற்கு, இந்த ஒரு விதியைவிடப் பெரிய காரணம் எதையும் நான் காணவில்லை.

இவ்வியக்கத்துக்குள் ஆரம்பந்தொட்டே இரண்டு குரல்கள் ஒலித்துவந்திருக்கின்றன. ஸ்டால்மனும் அவரைச் சார்ந்தோரும், மென்பொருளைப் பயன்படுத்துபவரின் சுதந்திரமே லட்சியம் என்றார்கள். 1998-இல் 'திறமூலம்' என்ற பெயரில் திரண்டவர்கள், வணிக நிறுவனங்கள் தயங்காமல் ஏற்கும்பொருட்டுத் தரத்தையும் சிக்கனத்தையும் முன்வைத்தார்கள். சர்வர் உலகத்தில் இரண்டாம் குரலே வென்றது. 2001-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று வர்ணித்தார். பதினைந்தே ஆண்டுகளில் அதே நிறுவனம் தன் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் நிரல்களை ஓட்டும் வசதியைச் செய்துகொடுத்தது. ஆனால் மேஜைக் கணினி விஷயத்தில் சிக்கனத்தின் குரல் பலிக்கவில்லை; நம் நாட்டில் அது பலிக்கவும் இடமில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ, மாவட்டத் தலைநகரின் கணினிக் கடையிலோ, உரிமம் பெறாத விண்டோஸ் பிரதி ஒன்றைக் காசில்லாமல் நிறுவித் தரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகையில், 'இது இலவசம்' என்ற பிரசாரத்தால் ஒருவர் மனம் ஏன் மாறவேண்டும்? விலையே வேற்றுமை என்று சொல்லி வந்தவரை, விலையில்லாத மற்றொன்று மிகச் சுலபமாகத் திருப்பி அழைத்துக்கொண்டுவிடும்.

இனி, லினக்ஸின் திசையைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி. லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே பொருளன்று. ஒரே கெர்னலின்மீது மென்பொருள்களைத் தொகுத்துக் கட்டிய பற்பல வழங்கல்கள் எழுந்துள்ளன. அவற்றுள் டெபியன் என்பது, 1993 ஆகஸ்டில் இயன் முர்டாக் தொடங்கிய முற்றிலும் தன்னார்வலர்களின் சபை. 1997-இல் அது பயனர்களுக்கு அளித்த வாக்குறுதிகளை ஒரு சமூக ஒப்பந்தமாக எழுதிக்கொண்டது. மறு ஆண்டு தனக்கென ஓர் அரசியலமைப்பையும் வகுத்துக்கொண்டது. ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாக்களித்துத் தலைவரைத் தேர்கிறார்கள். வேட்பாளர்களைத் தம் விருப்ப வரிசைப்படி அடுக்கி வாக்களிக்கும் முறையை அவர்கள் கையாள்கிறார்கள். 2014-இல், கணினி துவங்கும்போது சேவைகளை ஒழுங்காக எழுப்பும் பொறுப்பைப் புதிதாக வந்த சிஸ்டம்டி என்ற மென்பொருளிடம் ஒப்படைப்பதா என்ற பிரச்சினை எழுந்தபோது, அச்சபையின் தொழில்நுட்பக் குழு நான்குக்கு நான்கு என்று பிளவுபட்டு, தலைவரின் தீர்மான வாக்கினால் முடிவு காணப்பட்டது. மனக்கசப்பு மிகுந்தது, பல்லாண்டு உழைத்தவர்கள் விலகினார்கள், ஏற்காதவர்கள் தேவுவான் என்ற பெயரில் தனி வழங்கலைத் தொடங்கினார்கள். இதைக் கண்டு, ஆளுக்கொரு வழியாகப் பிரிந்துபோகும் இக்கூட்டத்தை நம்பி எப்படி ஒரு காரியத்தை ஒப்படைப்பது என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. நான் அதற்கு மாறாகவே எண்ணுகிறேன். தோற்ற பக்கத்தார் முழு நிரலையும் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்த் தம் வழியில் வாழ முடிந்தது; வென்ற பக்கத்தாரும் பகிரங்கமாக வாதிட்டு, வாக்கெடுத்து, காரணத்தை எழுதிவைத்தே வென்றார்கள். மூடிய நிறுவனம் ஒன்றில் இத்தகைய மாறுதல் நேர்ந்திருந்தால், பயனர் ஒரு காலை விழித்தெழுந்து அதைத் தம் திரையில் கண்டுதான் அறிந்திருப்பார்.

நிறுவனங்கள் நடத்தும் வழங்கல்களின் கதை வேறு. 2004 அக்டோபரில், தென்னாப்பிரிக்காவில் பிறந்த தொழிலதிபர் மார்க் ஷட்டில்வொர்த், டெபியனையே அடிப்படையாகக் கொண்டு உபுண்டுவை வெளியிட்டார். வெகுஜனங்களிடம் லினக்ஸைக் கொண்டுசென்ற புகழில் பெரும்பங்கு அதற்கே உரியது. ஆனால் அதன் திசையைத் தீர்மானித்தது ஒரு நிறுவனத்தின் கணக்கு. கைபேசி, மேஜைக் கணினி இரண்டுக்கும் ஒரே முகப்பு என்ற லட்சியத்தோடு யூனிட்டியை அவர்கள் வளர்த்தார்கள். 2013-இல் உபுண்டு எட்ஜ் என்ற கைபேசிக்காக 3 கோடியே 20 லட்சம் டாலர் திரட்ட முயன்று, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சத்தோடு நின்றார்கள். 2017-இல் கைபேசி முயற்சியையும் யூனிட்டியையும் கைவிட்டார்கள். இதைவிடக் கடுமையான பாடம் சென்ட்ஓஎஸ் வழங்கலுடையது. 2029 வரை பராமரிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில் உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களில் நிறுவப்பட்டிருந்த சென்ட்ஓஎஸ் 8, 2021 இறுதியோடு முடிவுறும் என்று அதைத் தன் பொறுப்பில் வைத்திருந்த ரெட் ஹேட் நிறுவனம் 2020 டிசம்பரில் அறிவித்தது. மூலநிரல் திறந்திருந்த காரணத்தால் ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்ற இரண்டு மாற்றுகள் அடுத்த ஆண்டே எழுந்து பயனர்களைக் காத்தன என்பது உண்மை. எனினும் ஓர் அரசாங்கமோ கல்வித்துறையோ தன் அடித்தளத்தைத் தேரும்போது, ஒரே நிறுவனத்தின் ஒரே முடிவினால் அசைக்க முடியாத வழங்கலைத் தேர்வதே விவேகம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

திசையைப் பற்றிப் பேசுகையில் பலரும் புதுமையையே பேசுகிறார்கள். கெர்னலுக்குள் ரஸ்ட் என்ற பாதுகாப்பான நிரல்மொழிக்கு இடம் தரப்பட்டதும், 2008-இல் தொடங்கிய வேலண்ட் பழைய எக்ஸ் சாளர முறையின் இடத்தைப் பெற்றுவருவதும் மதிக்கத்தக்க முன்னேற்றங்களே. ஆனால் இன்றைய லினக்ஸின் உயிர்நிலையான பிரச்சினை புதியதை ஆக்குவதில் இல்லை. ஆக்கியதைக் காப்பதில் இருக்கிறது. நம் நாட்டில் ஏரியை வெட்டிய அரசனின் பெயர் கல்வெட்டில் நிலைத்தது. அந்த ஏரி இருநூறு ஆண்டு நீர் தந்ததோ, ஆண்டுதோறும் மடையைத் தூர்வாரிக் கரையை உயர்த்திய குடிமராமத்தினால். லினக்ஸின் குடிமராமத்து எவ்வளவு மெலிந்த கரங்களில் இருக்கிறது என்பதை 2024 மார்ச் மாதம் உலகம் கண்டது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தம் சோதனைக் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு முன்பு ஏறத்தாழ 0.3 விநாடியாக இருந்தது 0.8 விநாடியாகியிருப்பதைக் கவனித்தார். அரை விநாடித் தாமதம். வேறெவராக இருந்தாலும் பொருட்படுத்தியிருக்கமாட்டார். அவர் விடாமல் துருவிச் சென்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள், உலகத்தின் லினக்ஸ் சர்வர்களுக்கெல்லாம் கள்ளச்சாவியாகக்கூடிய ஒரு சூழ்ச்சி நிரல் புகுத்தப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். பல்லாண்டுகளாக ஊதியமின்றித் தனியே அதைப் பராமரித்துவந்த ஒருவர் உடலும் மனமும் களைத்திருந்த சமயத்தில், உதவிக்கு வந்தவர்போல் ஒருவர் புனைபெயரில் நுழைந்து, இரண்டாண்டுக் காலம் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு அந்தக் காரியத்தைச் செய்திருந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான், கெர்னலின் நீண்டகாலப் பதிப்புகளை ஆறாண்டு பராமரிக்கும் வழக்கம் இனி இரண்டாண்டாகக் குறைக்கப்படும் என்ற செய்தியும் வந்திருந்தது. பராமரிப்பவர்களின் களைப்பே அதற்கும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, பரப்பும் முயற்சிகளின் வரலாற்றைக் காண்போம். உபுண்டுவின் தொடக்க ஆண்டுகளில், உலகத்தின் எந்த மூலையிலிருந்து கேட்டாலும் குறுவட்டைத் தபால் செலவும் வாங்காமல் அனுப்பி வைத்தார்கள். இணைய வேகம் குறைந்திருந்த அந்நாளில், தமிழ்நாட்டின் சிற்றூர்க் கல்லூரி மாணவர்கள் பலருக்கும் லினக்ஸ் அறிமுகமானது அந்த உறைகளின் மூலமாகவே. 2011-இல் அச்சேவை நிறுத்தப்பட்டது. உபுண்டுவின் வழுப்பட்டியலில் முதல் வழுவாக, சந்தையில் பெரும்பங்கு மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது என்பதையே ஷட்டில்வொர்த் பதிவு செய்திருந்தார். கைபேசிகளும் பலகைக் கணினிகளும் பெருகி நிலைமை மாறிவிட்டதென்று கூறி 2013-இல் அதை அவரே மூடினார். மேஜைக் கணினியைப் பொறுத்தவரை அந்த வழு திருத்தப்படவில்லை என்பதை யாவரும் அறிவர். குறுவட்டு வீடு தேடி வந்தது. வட்டுக்குப் பின்னே ஒரு மனிதர் வரவில்லை.

அரசாங்கங்களின் முயற்சியில் மிகப் பிரசித்தமானது ஜெர்மனியின் மியூனிக் நகரம். 2003-இல் அந்நகர மன்றம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றத் தீர்மானித்தபோது, அதைத் தடுக்க பால்மர் தம் விடுமுறையையும் விட்டு மேயரைச் சந்திக்க வந்தார் என்பதிலிருந்தே அந்தத் தீர்மானத்தின் கனம் விளங்கும். லிமக்ஸ் என்ற பெயரில் சொந்த வழங்கலை அமைத்து, 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகளை அவர்கள் மாற்றிமுடித்தார்கள். ஆயினும் துறைக்கொரு கணினிப் பிரிவு, பிரிவுக்கொரு வழக்கம் என்று நிர்வாகம் சிதறிக் கிடந்ததும், வெளி அலுவலகங்கள் அனுப்பும் ஆவணங்கள் வரிசை குலைந்து திறந்ததும் உத்தியோகஸ்தர்களின் அதிருப்தியை வளர்த்தன. கணினியில் நேர்ந்த குறை எதுவாயினும் பழி லினக்ஸின்மேல் விழுந்தது. ஆதரித்த மேயர் கிறிஸ்டியன் ஊட 2014-இல் பதவிக்காலம் முடிந்து சென்றபின் காற்று மாறியது. 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப மன்றம் முடிவு செய்தது. இதற்கு நேர்மாறாக, பிரான்சின் ஜாந்தர்மரி காவல் படை ஆரவாரமில்லாமல் ஒரு காரியத்தைச் சாதித்தது. அவர்கள் முதலில் இயங்குதளத்தைத் தொடவேயில்லை. விண்டோஸிலேயே ஓப்பன் ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளை நிறுவினார்கள். பிறகு உலாவியையும் மின்னஞ்சல் மென்பொருளையும் கட்டற்றவையாக மாற்றினார்கள். காவலர்களின் கை அவற்றில் பழகியபின், 2008 முதல் அடியிலிருந்த இயங்குதளத்தை உபுண்டுவாக மாற்றலானார்கள். அன்றாடம் புழங்கும் மென்பொருள் அதே முகத்தோடு இருந்தமையால், அடித்தளம் மாறியது பலருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. இன்று அங்கே 70,000-க்கும் மேற்பட்ட கணினிகள் அவ்வழியில் இயங்குகின்றன. மியூனிக் கொள்கையில் தொடங்கி நிர்வாகத்தில் தடுக்கி விழுந்தது. ஜாந்தர்மரி பழக்கத்தில் தொடங்கி இயங்குதளத்தில் முடித்தது.

நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தின் அனுபவம் இவ்விரண்டையும்விடப் படிப்பினை மிகுந்தது. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் அங்கே தொடங்கியபோது, ஒரே நிறுவனத்தின் மென்பொருளை மாத்திரம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை ஆட்சேபித்தவர்களில் முன்னின்றது ஓர் ஆசிரியர் சங்கம். சில ஆண்டுகளுக்குள் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, மலையாள எழுத்துருக்களும் பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களும் சேர்த்துப் பள்ளிகளுக்கென்றே ஒரு வழங்கல் உருவாக்கப்பட்டது. பத்தாம் வகுப்பின் கணினித் தேர்வு கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கலாயிற்று. ஆனால் இத்திட்டத்தின் நுட்பம் வழங்கலில் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மாஸ்டர் டிரெய்னர்களாக மாவட்டந்தோறும் அமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் கணினிப் பொறுப்பாளராக்கப்பட்டார். வடிவ கணிதத்தைக் கற்பிக்க ஜியோஜீப்ராவைத் திறக்கும் ஆசிரியர், அது திறக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதை அறிந்திருந்தார். கேட்கப்பட்டவரும் அதே மொழி பேசும், அதே பாடத்தை நடத்தும் ஓர் ஆசிரியராகவே இருந்தார். 2017-இல் இத்திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் வழங்கி, லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களை அமைத்து, பராமரிப்பின் முதல்படியைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தது. ஆட்சிகள் மாறின, திட்டம் மாறவில்லை. ஆசிரியர் சமூகம் அதைத் தன்னுடையதாக வரித்துக்கொண்டதே காரணமென்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் முயற்சி இல்லாமல் போகவில்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரி சி. உமாசங்கர், மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் பொறுப்பிலிருந்த ஆண்டுகளில், அந்நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளையே சூஸி லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. மேல்நிலை வகுப்பின் கணினி அறிவியல் பாடநூலில் ஸ்டார் ஆபிஸ் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. பின்னர் வந்த பாடநூல்களில் ஓப்பன் ஆபிஸும் உபுண்டுவும் இடம்பெற்றன. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை நிலையம், டெபியனை அடிப்படையாக்கி, இந்திய மொழிகளுக்கு வசதி செய்து, பாஸ் என்னும் வழங்கலை 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸும் பாஸும் ஒரே கணினியில் அருகருகே நிறுவப்பட்டு லட்சக்கணக்கான மாணவர் கையில் வந்தன. உலகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு அது. ஆனால் கணினியைத் திறந்தவுடன் தோன்றும் பட்டியலில் இரண்டு பெயர்களைக் கண்ட மாணவி, இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க யாதொரு முகாந்திரமும் இல்லை. அவள் ஆசிரியர் அதில் பாடம் நடத்தவில்லை. அவள் எழுதும் தேர்வு அதில் நடக்கவில்லை. அதில் ஒலி வராவிட்டால் சொல்லிக்கொடுக்க அவள் ஊரில் ஆள் இல்லை. கருவி இருந்தது, புத்தகமும் இருந்தது. இரண்டையும் இணைக்கவேண்டிய மனித ஏற்பாடு மாத்திரம் செய்யப்படவில்லை. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்களை நடத்தும் இளைஞர்கள் தம் ஓய்வு நாட்களைக் கொடுத்து இக்குறையை இயன்றமட்டும் நிரப்பிவருகிறார்கள். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவருகிறது. அவர்கள் சேவை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆயினும் ஒரு மாநிலத்தின் பள்ளிகள் அனைத்தையும் தாங்கும் பாரத்தை ஞாயிற்றுக்கிழமைத் தன்னார்வலர்களின் தோள்மீது வைப்பது நியாயமன்று.

மொழியின் விஷயத்தில் லினக்ஸின் சிறப்பும் சிரமமும் ஒருங்கே தெரிகின்றன. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடு முறையில் கணினி சேமித்துவைக்கும்போது, ககரத்தையடுத்து உயிர்க்குறியை ஒரே எண்ணாக வைக்கிறது. திரையில் காட்டும்போதோ அக்குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் பின்னும் சென்று அமரவேண்டும். இக்காரியத்தைச் செய்யும் நிரல் தவறினால், புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டமும் அதைச் சுற்றி அநாதையாக நிற்கும் குறிகளுமே வாசகர் கண்ணில் படும். இரண்டாயிரத்தையொட்டிய ஆண்டுகளில் லினக்ஸில் தமிழ் படித்தவர்கள் அந்த வட்டங்களை நன்கு அறிவர். இன்று ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நிரல் இப்பணியைச் செவ்வையாகச் செய்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியிலும், லிப்ரே ஆபிஸிலும், உலாவிகளிலும் தமிழ் எழுத்தைக் கோத்து நிறுத்துவது அதுவே. ஒரு நிறுவனம் தமிழர் சந்தை போதுமான அளவுடையதா என்று கணக்கிட்டுக்கொண்டிருக்காமல், பிழையைக் கண்டவரே புகுந்து திருத்தக்கூடிய இடம் இது. சிரமமோ மொழிபெயர்ப்பில் இருக்கிறது. க்னோம், கே.டி.ஈ. முகப்புகளைத் தன்னார்வலர்கள் பெருமுயற்சியோடு தமிழாக்கினார்கள். ஆனால் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் மூலத்து வாக்கியங்கள் மாறுகின்றன, மாறியவற்றுக்கு எதிரே இருந்த தமிழ் வாக்கியம் ஐயத்துக்குரியதென்று குறிக்கப்பட்டு மறைகிறது, திரையில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் தோன்றுகிறது. இத்தகைய கலவையைக் காணும் பயனர் முழு ஆங்கிலத்துக்கே போய்விடுகிறார். இங்கும் ஒருமுறை செய்துமுடிப்பது போதவில்லை. ஆறு மாதத்துக்கொருமுறை அமர்ந்து சரிபார்க்க ஊதியத்தோடு ஒருவர் வேண்டும்.

காலம் இப்போது ஒரு வாய்ப்பைத் தந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கான பொதுப் பராமரிப்பு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு வேண்டிய பாதுகாப்புச் சில்லு முதலியவை இல்லாத காரணத்தால், நல்ல நிலையிலுள்ள கணினிகள் ஏராளமாகப் புறந்தள்ளப்படும் நிலையில் இருக்கின்றன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டீன் மாநிலம், 30,000 அரசுக் கணினிகளைப் படிப்படியாக லிப்ரே ஆபிஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்றப்போவதாக 2024-இல் அறிவித்திருக்கிறது. நம் பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்னும் இயங்குதளத்தை 2023-இல் ஏற்கத் தொடங்கியது. மறுபுறம், 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்னும் விளையாட்டுக் கருவியை வாங்கியவர்களில் எத்தனையோ பேர், தாம் லினக்ஸைப் பயன்படுத்துகிறோம் என்ற நினைவே இல்லாமல் அதில் திளைக்கிறார்கள். வாங்கும்போதே நிறுவப்பட்டு, ஒரு நிறுவனத்தின் பராமரிப்போடு வந்ததே அதன் வெற்றி. அதன் இயங்குதளத்தின் அடிப்பாகத்தைப் பயனர் தற்செயலாகச் சிதைத்துவிட முடியாது. புதுப்பிப்பு தவறினால் முந்திய நிலைக்கே கருவி மீளும். ஃபெடோரா வழங்கலின் சில்வர்புளூ என்னும் பதிப்பும் இதே நெறியில் அமைந்தது. கிராமத்துப் பள்ளிக்கு இதைவிடப் பயனுள்ள நுட்பம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். புதுப்பிப்பு கெட்டால், பட்டியலில் நேற்றைய நிலையைத் தேர்ந்து ஆசிரியர் தம் பாடத்தைத் தொடரலாம். பார்வையற்றோர்க்குத் திரையைப் படித்துச் சொல்லும் ஓர்கா போன்ற கருவிகள் வேலண்டுக்கு மாறும் அவசரத்தில் பின்தங்கிவிடாமல் காப்பதும் இத்திசையில் அடங்கும். வண்ணமும் அசைவும் சற்றுக் காத்திருக்கலாம், அது காத்திருக்கலாகாது.

ஆகவே தமிழ்நாடு அரசாங்கம் அடுத்தமுறை மடிக்கணினிக்கோ பள்ளிக் கணினிக்கோ டெண்டர் கோரும்போது, இரண்டு இயங்குதளங்களை அருகருகே நிறுவுமாறு எழுதுவதோடு அமையாமல், கொள்முதல் தொகையில் ஒரு பங்கை ஐந்தாண்டுப் பராமரிப்புக்கென்று தனியே ஒதுக்கவேண்டும். கல்வி வட்டாரத்துக்கு ஓர் ஆசிரியரையேனும் வகுப்புப் பணியிலிருந்து விடுவித்து இதற்கென்று அமர்த்தவேண்டும். செய்முறைத் தேர்வு அந்த இயங்குதளத்திலேயே நடைபெறவேண்டும். பள்ளிகளில் காணப்படும் குறைகளும் அவற்றின் திருத்தங்களும், எழுத்துருவைப் பற்றியதாயினும் அச்சுப்பொறியைப் பற்றியதாயினும், நம் வழங்கலுக்குள்ளேயே தங்கிவிடாமல் மூலமாகிய டெபியனுக்கே அனுப்பப்படவேண்டும். அவ்வாறு அனுப்பினால்தான் அடுத்த பதிப்பில் அதே வேலையை மறுபடி செய்யும் துன்பம் நேராது. டெபியன் சபையில் உறுப்பினராகித் திசையைத் தீர்மானிக்கும் வாக்குரிமையைப் பெறும் வழியும் இந்த உழைப்பே. பாஸ் வழங்கலைப் பல்லாண்டு பராமரித்துவரும் சி-டாக்கின் சென்னை நிலையமும், மாவட்டங்களிலுள்ள பயனர் குழுக்களும், கல்வித்துறையின் பயிற்சி நிறுவனங்களும் ஒரே மேஜையில் அமர்ந்து இதற்கான திட்டத்தை வகுக்கலாம். முதல் ஆண்டுக்கு ஒரு மாவட்டத்தின் மேல்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொள்வதே போதுமானது.